அஞ்சத் தக்கதும் அஞ்சத் தகாததும்

அச்சம் என்பது இழிந்ததொரு குணம் என்று இளமையில் நம்மிற் பலர் எண்ணுகின்றோம். அஃது அத்துணை எளிதிற் தள்ளற்பாலதன்று. பாம்பைக் கண்டு விலகுவானைக் கோழை என்பார் இல்லை. கயிற்றைக் கண்டு அலறுவானை அறிவுடையான் என்பாரும் இல்லை. எதனை அஞ்ச வேண்டும், எதனை அஞ்ச வேண்டுவதில்லை எனப் பகுத்துணரும் ஆற்றலை வள்ளுவனார் அறிவுடைமை என்னும் அதிகாரத்தின்கண் வைத்தமை ஈண்டு நினைக்கற்பாலது. இக்காலத்து இளைஞராகிய நாம் இவ்விரண்டனையும் இடம் மாற்றிக் கொண்டோம் என்பதும், அம்மாற்றத்தால் நம்மனோர் உடல்நலமும் பிறர் மானமும் ஒருங்கே அழிகின்றன என்பதும் எம் கருத்து. உடலைப் பெருக்குதற்கென விற்கப்படும் பொடி, ஊசி என்பவற்றையும், எச்.ஐ.வி. என்னும் நோய்க்கிருமியையும் ஒருசேர எடுத்து இதனை விளக்கப் புகுகின்றோம். இவ்விரண்டிற்கும் தொடர்பு யாது என்று வியப்பவர், யாம் ஒரே மாலைப்பொழுதிற் கண்ட இரு காட்சிகளை முதற்கண் கேட்பாராக.

எம் ஊர் கும்மிடிப்பூண்டிக்கு அணித்தே உள்ளது. சென்ற கோடை விடுமுறையில் ஒரு நாள், சிப்காட் தொழிற்பேட்டையில் பகல் வேலை முடிந்து தொழிலாளர் திரள் திரளாக வெளிவரும் வேளையில், சாலையோரத்துத் தேநீர்க் கடை ஒன்றில் நண்பர் ஒருவருடன் நின்றிருந்தோம். உருக்காலைகளிற் பணிபுரியும் வடநாட்டாரும், லாரி ஓட்டுநரும், நம் ஊராரும் கலந்து நின்றனர். எல்லார்க்கும் கண்ணாடிக் குவளையில் தேநீர் வந்தது. சுமை ஏற்றும் தொழில் புரியும் ஒருவர்க்கு மட்டும் காகிதக் குவளை வந்தது. அவர் அதனை ஒன்றும் வினவாது வாங்கிக்கொண்டு, சற்று அப்பாற் சென்று தனியே நின்று பருகினார். "அவருக்கு அந்த வியாதி" என்று எம் நண்பர் காதோடு காதாகக் கூறினார். வியாதியின் பெயரைச் சொல்லவும் அவர் அஞ்சினார்.

அரைமணிப் பொழுது கழிந்தது. அதே நண்பர் தாம் நாள்தோறும் செல்லும் உடற்பயிற்சிக் கூடத்துக்கு எம்மை அழைத்துச் சென்றார். பொங்கற் காலத்துக் கபடிப் போட்டிக்கு இப்பொழுதே உடலை முறுக்கேற்றும் இளைஞர் பலர் ஆங்கிருந்தனர். பின்னறையில் ஒரு மருந்துக் குப்பி, ஒரு சிரிஞ்சு, மூவர். முதல்வர் தோளிற் குத்திய ஊசியை வெந்நீரில் அலம்பி இரண்டாமவர் வாங்கினார். மூன்றாமவர் எம் நண்பர். "பயமாக இல்லையா?" என்றோம். "எல்லாம் நம்ம பையன்கள்தானே" என்றார். குவளையை அஞ்சியவர் ஊசியை அஞ்சவில்லை! யாம் யாது செய்தோம் எனின், ஒன்றும் செய்திலேம். பேசாது வீடு திரும்பினோம். அன்றிரவு எமக்கு உறக்கம் வரவில்லை. இக்கட்டுரை அவ்விரவின் பயன் என்று கொள்க.

நிற்க. உடலை வலிமையுறச் செய்தல் நன்றே. விளையாட்டு வீரர் உட்கொள்ளும் துணை உணவுகள் யாவும் நஞ்சு என்று கூறுதலும் அறியாமையே ஆகும். பாலினின்று பிரித்தெடுக்கும் புரதப் பொடி பாலின் ஒரு கூறு. கிரியேட்டின் என்னும் பொருள், குறுகிய நேரத்துக் கடுமுயற்சிக்கு ஓரளவு துணைசெய்யும் என்பது பல ஆய்வுகளால் நிலைபெற்றது. ஆயினும் தேவை எவ்வளவு என்பதை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-ஆம் ஆண்டிற் கூறிய அளவின்படி, உடல் எடையில் ஒவ்வொரு கிலோவிற்கும் நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம் போதும். அறுபது கிலோ எடையுள்ளார்க்கு ஐம்பது கிராம் ஆகிறது. கடும் பயிற்சி செய்வார்க்கு இதனினும் கூடுதலாக வேண்டும். ஒரு கோழிமுட்டையில் ஏறத்தாழ 6 கிராமும், நூறு கிராம் நிலக்கடலையில் ஏறத்தாழ 25 கிராமும் புரதம் உள்ளன. பருப்பும் பாலும் மீனும் பழவேற்காட்டைச் சார்ந்த நம் பகுதிக்கு அரியன அல்ல. மாதச் சம்பளத்திற் பெரும்பகுதியைப் பொடிக்கு ஈந்து, ஒருவேளை உணவைக் குறைக்கும் தொழிலாளத் தோழர்களை யாம் அறிவோம். பொடியை நிறைத்து வயிற்றைக் காயவைத்தல் என்ன கணக்கு?

மேலும், பெட்டியின்மேல் எழுதியது பெட்டிக்குள் உள்ளதா என்பது வேறொரு கேள்வி. நம் நாட்டில் விற்கும் 36 புரதப் பொடிகளைக் கேரளத்து மருத்துவர் முதலியோர் ஆராய்ந்து 2024-இல் வெளியிட்டனர். அவற்றுள் 25 பொடிகளில் புரதத்தின் அளவு மேலே குறித்தபடி இல்லை. சிலவற்றிற் பூஞ்சை நஞ்சும் காணப்பட்டது. நாம் கடையிற் புளி வாங்கினாலும் பிரித்து முகர்ந்து பார்த்து வாங்குகின்றோம். நம் குருதியிற் கலக்கும் பொடியை விளம்பரப் படத்தைப் பார்த்து வாங்குகின்றோம்.

இனி, பொடியினும் கொடியது ஒன்றுண்டு. நாண்ட்ரலோன் முதலிய ஸ்டீராய்டு மருந்துகளும், அறுவைச் சிகிச்சையின்போது தாழ்ந்த இரத்த அழுத்தத்தை உயர்த்துதற்கு மருத்துவர் கையாளும் மெஃபென்டர்மின் என்னும் மருந்தும், உடற்பயிற்சிக் கூடங்களின் பின்னறைகளிற் புழங்குகின்றன. மருத்துவர் கையில் இவை மருந்தே. எய்ட்ஸ் முற்றி உடல் மெலிந்தோர்க்குச் சதை பிடிக்கச் செய்தற்கு ஸ்டீராய்டுகளை மருத்துவர் அளந்து கொடுத்ததும் உண்டு. அதே மருந்தினை நலமுடைய இளைஞன் அளவின்றி ஏற்றிக்கொள்ளின், உடல் தானே சுரக்கும் ஆண்மைச் சுரப்பு அடங்கும், விரை சுருங்கும், மகப்பேறு அரிதாகும், இதயமும் ஈரலும் கெடும். ஆண்மையைப் பெருக்கப் புகுந்து அதன் வேரை அறுத்த கதையாய் முடிகின்றது.

மானமும் போகின்றது. 2019-ஆம் ஆண்டு ஏப்ரலில் தோகா நகரில் நடந்த ஆசியத் தடகளப் போட்டியில், 800 மீட்டர் ஓட்டத்திற் பொற்பதக்கம் வென்று தமிழகத்தை மகிழ்வித்தார் திருச்சிப் பகுதிச் சிற்றூரிற் பிறந்த கோமதி மாரிமுத்து. வறுமையிற் பிறந்து ஓடி வென்றவர் என்று நாமெல்லாம் கொண்டாடினோம். பின்னர்ச் சோதனையில் நாண்ட்ரலோனின் சுவடு தென்பட்டது, பதக்கம் பறிக்கப்பட்டது, நான்காண்டுத் தடை விதிக்கப்பட்டது. தடைசெய்யப்பட்ட பொருளை உட்கொண்டதில்லை என்று அவர் மறுத்தார். அவரைப் பழித்தல் எம் நோக்கம் அன்று. உடலுக்குள் எது எவ்வாறு புகுந்தது என்பதற்கு வீரரே பொறுப்பு என்பது உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமையின் விதி என்பதை நாம் உணர்தல் வேண்டும். 'அறியேன்' என்னும் சொல் ஆங்கு எளிதில் ஏற்கப்படுவதில்லை. 2023-ஆம் ஆண்டில் இந்திய வீரரிடம் எடுத்த 5,606 மாதிரிகளில் 214 தடைப்பொருள் காட்டின. இஃது ஒருவர் இருவர் செய்த பிழை அன்று. நாம் எல்லாரும் கண்மூடி இருந்த பிழை.

இம்மருந்துகளால் வருங் கேட்டினை உடனே விளைவிக்கவல்லது பங்கிட்ட ஊசியாகும். ஊசியின் துளையிலும் சிரிஞ்சின் உள்ளும் கண்ணுக்குத் தெரியாத அளவு குருதி தங்கும். அக்குருதியில் எச்.ஐ.வி. பல நாள் அழியாதிருக்கக் கூடும். மஞ்சட்காமாலையை விளைக்கும் ஹெபடைடிஸ் பி, சி கிருமிகளும் அவ்வாறே தங்கும். வெந்நீரில் அலம்புதல் தூய்மை செய்தல் ஆகாது. 'நம்ம பையன்கள்' என்பது குருதிச் சோதனையும் ஆகாது. ஒருவன் முகத்தைப் பார்த்தோ தோளின் திரட்சியைப் பார்த்தோ இக்கிருமி உண்டு, இல்லை என்று கூறவல்லார் எவரும் இலர்.

அக்கிருமியின் இயல்பினைச் சிறிது கூறுவோம். 1981-இல் அமெரிக்காவில் இந்நோய் முதன்முதற் குறிக்கப்பெற்றது. 1983-இற் பாரிஸ் நகரத்துப் பாஸ்டர் நிலையத்தில் இதன் கிருமியைக் கண்டனர். நோயை எதிர்க்கும் சி.டி.4 என்னும் வெள்ளணுக்களுட் புகுந்து அவற்றைச் சிறுகச் சிறுக அழிப்பது அதன் தொழில். கிருமி உடலில் இருத்தல் எச்.ஐ.வி. தொற்று எனப்படும், காவல் அழிந்து காசநோய் முதலியன உட்புகும் நிலையே எய்ட்ஸ் எனப்படும். மருத்துவம் இன்றேல் முன்னதினின்று பின்னதற்குச் செல்லப் பெரும்பாலும் பல ஆண்டுகள் ஆகும். காப்பற்ற உடலுறவு, தொற்றுடைய குருதி, பங்கிட்ட ஊசி, தாயினின்று சேய்க்குக் கருவிலும் பிறப்பிலும் முலைப்பாலிலும் எனப் பரவும் வழிகள் இவையே. தொடுதலாலும் வியர்வையாலும் கொசுவாலும் உடனுண்ணலாலும் ஒரே குவளையிற் பருகுதலாலும் இது பரவாது. கபடிக் களத்திற் கட்டித் தழுவிப் பிடித்தாலும் பரவாது. ஆகவே அன்று மாலை தேநீர்க் கடையில் அஞ்சத் தக்கது ஒன்றும் இருந்ததில்லை.

இந்நோய் நம் நாட்டில் உள்ளது என்பதை முதலில் வெளிப்படுத்தியது நம் சென்னையே. அதனைச் செய்தவரும் ஒரு மாணவியே என்பது நம் போன்றார்க்கு ஊக்கந் தருவது. சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் மேற்படிப்பு பயின்ற செல்லப்பன் நிர்மலா என்பார்க்கு, அவர்தம் பேராசிரியை சுனிதி சாலமன் இதனை ஆராயுமாறு பணித்தனர். இந்நோய் மேனாட்டார்க்கே உரியது, நம் ஒழுக்கம் நம்மைக் காக்கும் என்று பலரும் இறுமாந்திருந்த காலம் அது. நிர்மலா மயிலாப்பூரில் இருந்த காப்பகத்துப் பெண்கள் முதலாக எண்பதுக்கு மேற்பட்ட குருதி மாதிரிகளைத் திரட்டினார். தம் வீட்டுக் குளிர்ப்பெட்டியில் வைத்துக் காத்தார். 1986 பிப்ரவரியில் அவற்றை வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு எடுத்துச் சென்று சோதித்தபொழுது ஆறு மாதிரிகளிற் கிருமியின் அடையாளம் தென்பட்டது. இறுமாப்பு அன்றே உடைந்திருத்தல் வேண்டும். சுனிதி சாலமன் அம்மையார் 1993-இல் ஒரு தொண்டு நிறுவனம் அமைத்து, 2015-இல் மறையுந்துணையும் நோயாளரைத் தொட்டுப் பேணினார். அவர் அஞ்சியது நோயாளரை அன்று. ஊராரின் மௌனத்தையே ஆகும்.

அன்று மருந்தில்லை, இன்று உண்டு. 2004 ஏப்ரல் முதல் நாள் தொட்டு, தாம்பரம் நெஞ்சக நோய் மருத்துவமனை உள்ளிட்ட எட்டு அரசு மருத்துவமனைகளில் ஏ.ஆர்.டி. கூட்டு மருந்து விலையின்றி வழங்கத் தொடங்கினர். இப்பொழுது தொற்றுடையார் எவர்க்கும் கண்டவுடனே அஃது அளிக்கப்படுகின்றது. நாள்தோறும் தவறாது உட்கொள்வார் பிறரைப் போலவே வாழ்கின்றனர், உழைக்கின்றனர். குருதியிற் கிருமியின் அளவு சோதனைக்கு எட்டாதவாறு குறைந்து நிலைத்துவிடின், உடலுறவாற் கூடப் பிறர்க்குத் தொற்றாது என்பதும் ஆய்வாற் தெளிந்தது. தாய் மருந்துண்ணின் சேயைப் பெரும்பாலும் காத்தல் கூடும். ஊசியாலோ பிறவாற்றாலோ கிருமி புகுந்திருக்கலாம் என்று ஐயுறுவார், 72 மணி நேரத்துக்குள் மருத்துவரை அடையின் தடுப்பு மருந்தும் உண்டு. விளையாட்டுலகில் இதற்கொரு சான்று காட்டுவோம். அமெரிக்கக் கூடைப்பந்து வீரர் மேஜிக் ஜான்சன் தமக்கு எச்.ஐ.வி. உண்டு என்று 1991 நவம்பர் 7-ஆம் நாள் உலகறியக் கூறினார். அடுத்த ஆண்டு பார்சிலோனா ஒலிம்பிக்கில் ஆடிப் பொற்பதக்கமும் பெற்றார். ஆயினும் உடன் ஆடுவோர் சிலர் அவருடன் மோத அஞ்சினர். அவர் களத்தை விட்டு விலகினார். அஞ்சியவர்க்கு அவரால் ஒரு தீங்கும் நேரவில்லை. அவரோ முப்பது ஆண்டுக்கு மேலாக நலமுடன் வாழ்கின்றார்.

எனின், இவ்வளவு மருந்தும் அறிவும் இருந்தும் நம் நாட்டில் எது குறை? 2018 டிசம்பரிற் சாத்தூரில் நிகழ்ந்ததை எண்ணுங்கால் எம் நெஞ்சு நடுங்குகின்றது. அவ்வூர் அரசு மருத்துவமனையில் கருவுற்ற பெண் ஒருவர்க்கு எச்.ஐ.வி. கலந்த குருதி ஏற்றப்பட்டது. குருதி ஈந்தவர் பத்தொன்பது வயது இளைஞர், எம் வயதினர். தமக்குத் தொற்றுண்டு என்பதை அறியாதே உறவினர் பொருட்டு ஈந்தனர். வெளிநாட்டு வேலைக்கான சோதனையில் உண்மை தெரிந்தபொழுது, தம் குருதியை எவர்க்கும் செலுத்தாதீர் என்று தாமே இரத்த வங்கிக்கு அறிவித்தனர். அதற்குள் செலுத்தியாயிற்று. இதற்கு முன்னரும் அவர் குருதி ஈந்ததுண்டு என்றும், அப்பொழுதே தொற்றின் குறி தென்பட்டும் செய்தி அவரை அடையவில்லை என்றும் அந்நாளைய செய்திகள் கூறின. அவ்வாண்டு முடிவதற்குள் அவர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். அவர் உள்ளத்தில் நிகழ்ந்ததை முற்றும் அறிவார் யார்? ஆயினும் கிருமி அவரைக் கொன்றிலது என்பது மட்டும் உறுதி. பிறர்க்குத் தீங்கு வாராமைப்பொருட்டு உண்மை உரைத்த ஓர் இளைஞனுக்கு, 'நீ வாழலாம், மருந்துண்டு, யாம் உடனிருப்போம்' என்று கூறி நிறுத்த ஒரு கை போதிய அளவு அண்மையில் இல்லாமற் போயிற்று.

சட்டம் இல்லாமலும் இல்லை. எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டம் 2017-இல் இயற்றப்பெற்று, 2018 செப்டம்பர் 10-ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. தொற்றுடையாரை வேலையிலும் கல்வியிலும் மருத்துவத்திலும் வேறுபடுத்தல் ஆகாது. அவர் இசைவின்றிச் சோதித்தலும், அவர் நிலையைப் பிறர்க்கு வெளியிடுதலும் ஆகா என்பது அதன் கட்டளை. சட்டம் வந்து மூன்று திங்களுக்குப் பின்னரே சாத்தூர் நிகழ்ச்சி நடந்தது. தேநீர்க் கடைக் காகிதக் குவளையோ இன்றும் நடக்கின்றது. சட்டம் கடைவாயில் வரையில் வரும். குவளையை நீட்டும் கைக்குள் புகுவது அறிவே ஆகும்.

சிலர் கூறுவர்: அச்சமே ஒழுக்கத்துக்கு வேலி, நோயைப் பற்றிய அச்சம் நீங்கின் இளைஞர் கெடுவர், ஆகவே இவற்றைக் கல்லூரி மலரிற் பேசுதல் தகாது என்று. பெரியோர் கருத்தினை மதிக்கின்றோம். ஒழுக்கம் வேண்டும் என்பதில் எமக்கும் மறுப்பில்லை. ஆயின் எம் நண்பரை நினைமின். நோயாளரை அஞ்சிய அச்சம் அவரை ஊசியினின்று காத்ததோ? காவாமை மட்டுமன்று; 'அந்த வியாதி அந்த மாதிரி ஆட்களுக்கு வருவது, நம்ம பையன்களுக்கு வாராது' என்னும் பொய்த் துணிவையும் அதுவே ஊட்டிற்று. மேலும், சாத்தூர்ப் பெண் செய்த ஒழுக்கக்கேடு யாது? பிறக்கும் குழந்தை செய்தது யாது? நோயை ஒழுக்கத்தின் தண்டனையாகக் கொள்வார் இவர்கட்கு விடை கூறல் வேண்டும்.

யாது செய்தல் தகும்? நம் கல்லூரியிற் செஞ்சுருள் சங்கம் உண்டு. டிசம்பர் முதல் நாள் சிவப்பு நாடா அணிந்து ஊர்வலம் செல்கின்றோம், மறுநாள் மறக்கின்றோம். அச்சங்கம் விளையாட்டுத் திடலுக்கும் வருதல் வேண்டும். எப்பொடியை உட்கொள்ளலாம், தடைப்பட்டியலில் உள்ளன யாவை என்பவற்றை ஒவ்வோர் ஆட்டக் குழுவுக்கும் ஆண்டுத் தொடக்கத்திலேயே பயிற்சியாளரும் மருத்துவரும் எடுத்துரைத்தல் வேண்டும். கல்லூரியிற் குருதிக்கொடை முகாம் நடத்துங்கால், கொடுத்தார்க்குச் சோதனை முடிவு மறைவாகவும் தவறாமலும் சென்று சேர்கின்றதா என்று நாம் வினவுதல் வேண்டும். விடுமுறையில் ஊர் செல்லும் மாணவர், தொழிற்பேட்டைத் தோழர்களிடம் இவற்றைப் பேசுதல் வேண்டும். காக்களூரிலும் கும்மிடிப்பூண்டியிலும் பகலெல்லாம் உழைத்து மாலையில் உடற்பயிற்சிக் கூடம் புகும் இளைஞர்க்கு இதனைக் கூறுவார் வேறு யார்? அரசு மருத்துவமனைகளில் உள்ள நம்பிக்கை மையத்திற் சோதனை விலையின்றிச் செய்யப்படும். முடிவு மறைவாக வைக்கப்படும். 1097 என்னும் எண்ணுக்குப் பேசினும் விடை கிடைக்கும்.

இறுதியாக எம் நண்பர்பாற் செல்வோம். யாம் வாய்மூடித் திரும்பிய குற்றம் எம்மை உறுத்த, சின்னாள் கழித்து அவரைக் கண்டு மேற்கூறியன யாவும் உரைத்தோம். முதலிற் சினந்தார், பின்னர் அழுதார். மறுநாள் யாமும் உடன்செல்ல, மூவரும் நம்பிக்கை மையம் சென்றனர். தொற்று உடனே சோதனையிற் தென்படாமலும் இருக்கலாம் என்பதால், மும்மாதம் கழித்து மீண்டும் வருமாறு ஆங்குள்ளார் கூறினர், அவ்வாறே சென்றனர். முடிவு யாது என்று இதனைப் படிப்போர் வினவலாம். அஃது அவர்கட்கு உரியது, எம்முடையது அன்று, ஆதலின் எழுதோம்.

தேநீர்க் கடைக்காரரிடமும் பேசினோம். அவர் பொறுமையுடன் கேட்டார், தலையசைத்தார். அன்று மாலையும் அத்தொழிலாளிக்குக் காகிதக் குவளையே வந்தது. வெற்றி பெற்றோம் என்று இம்மலரில் எழுத எமக்கும் விருப்பமே; ஆயின் உண்மை அஃதன்று. நண்பர்காள்! அடுத்த விடுமுறையிலும் யாம் அக்கடைக்குச் செல்வோம், மீண்டும் பேசுவோம். உங்கள் ஊரிலும் அவ்வாறு ஒரு கடையும், அவ்வாறு ஒரு பின்னறையும் இருத்தல் கூடும். கடையில் அஞ்சாதீர், பின்னறையில் அஞ்சுமின்.